ஒன்பது கட்டத் தகட்டில் இருக்கும் 381654729

மோல்மேனிலிருந்து எழுதிய தம்பியின் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது. அம்மா ஒரு செப்புத் தகடு வாங்கி வந்திருக்கிறார். அதில் ஒன்பது கட்டம். மேல் வரிசையில் 3, 8, 1. நடு வரிசையில் 6, 5, 4. கீழே 7, 2, 9. சேர்த்து வாசித்தால் 381654729. இந்த எண் 1 முதல் 9 வரை எல்லாவற்றாலும் வகுபடும், இப்படி ஒரு எண் உலகத்திலேயே இது ஒன்றுதான், ஒன்பது கிரகமும் இதில் அடக்கம், கடையில் மாட்டினால் காசு தங்கும் என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். இதே எண்ணை நீட்டி எழுதிய 16 கட்டத் தகடு அடுத்த மாதம் வருமாம், அது இன்னும் விலை. நீங்கள் செல்போனில் 2-ஆல் வகுத்துப் பார்த்திருக்கிறீர்கள், அரை மிஞ்சியிருக்கிறது. அதனால் முழுப் புரட்டா, பாதிப் புரட்டா என்று கேட்கிறீர்கள்.

பாதி என்றுதான் சொல்வேன். ஆனால் உண்மையான பாதி, விற்றவர் சொன்னதைவிட ருசியானது. ரங்கூனில் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதினேன். மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன். கணித ஆராய்ச்சி செய்தவன் இல்லை. ஆனால் இந்த எண்ணுக்கு ஆராய்ச்சி தேவையில்லை. ஒரு பென்சிலும் அரை மணி நேரமும் போதும்.

முதலில் அந்த அரை. 381654729 ஒற்றைப்படை எண். ஆகவே 2, 4, 6, 8 எதனாலும் வகுபடாது. கடைசி இலக்கம் 9, ஆகவே 5-ஆல் வகுபடாது. 7-ஆல் வகுத்தால் 1 மீதி வரும். ஒன்பது எண்களில் 1, 3, 9 மூன்றுதான் இதை வகுக்கும். தகடு விற்றவர் சொன்னபடி பார்த்தால் தவறுதான். இந்த ஒரு எண்ணுக்கு மட்டுமல்ல, 1 முதல் 9 வரை ஒவ்வொன்றையும் ஒருமுறை வைத்து எப்படி அடுக்கினாலும் இது நடக்காது. 2-ஆலும் 5-ஆலும் சேர்ந்து வகுபட வேண்டுமானால் கடைசியில் 0 வர வேண்டும். தகட்டில் 0 இல்லை. 0-வையும் சேர்த்துக்கொண்டு பத்து இலக்கத்தில் அடுக்கினால் அப்படிப்பட்ட எண்கள் கிடைக்கும். 2438195760 என்று ஒன்று இருக்கிறது. பத்து இலக்கமும் ஒவ்வொரு முறை வந்திருக்கிறது, 1 முதல் 18 வரை எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும். 1 முதல் 18 வரையுள்ள எண்களின் மீச்சிறு பொது மடங்கு 12252240. அதை 199-ஆல் பெருக்கினால் இது வந்துவிடும். இதை இரண்டால் பெருக்கினால் 4876391520. அதிலும் பத்து இலக்கமும் ஒவ்வொரு முறைதான். விற்றவர் காதில் இதைப் போட்டுவிடாதீர்கள்.

அப்படியானால் 381654729-இல் என்னதான் இருக்கிறது? இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு இலக்கமாகத் திறந்துகொண்டே போங்கள். முதல் இலக்கம் 3, அதை 1 வகுக்கும். முதல் இரண்டு இலக்கம் 38, அதை 2 வகுக்கும், ஈவு 19. முதல் மூன்று 381, அதை 3 வகுக்கும், ஈவு 127. 3816-ஐ 4 வகுத்தால் 954. 38165-ஐ 5 வகுத்தால் 7633. 381654-ஐ 6 வகுத்தால் 63609. 3816547-ஐ 7 வகுத்தால் 545221. 38165472-ஐ 8 வகுத்தால் 4770684. கடைசியில் முழு எண்ணை 9 வகுத்தால் 42406081. எந்த இடத்திலும் மீதி இல்லை. எத்தனை இலக்கம் திறந்திருக்கிறதோ அத்தனையால் வகுபடுகிறது. விற்றவரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரோ இதைத்தான் எங்கோ கேட்டு, சுருக்கிச் சொல்லும்போது கெடுத்துவிட்டார்கள்.

இப்போது "இது ஒன்றுதான்" என்ற இரண்டாவது பேச்சு. இது நூற்றுக்கு நூறு உண்மை. 1 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் வரவேண்டும் என்ற நிபந்தனையோடு இந்தக் குணமுள்ள எண் இது ஒன்றே. ஒன்பது இலக்கத்தை அடுக்க 362880 வழி உண்டு. அத்தனையையும் சோதித்தா சொல்கிறாய் என்று கேட்பீர்கள். வேண்டாம். டியூஷன் பிள்ளைகளுக்கு மழைக்காலத்தில் கரண்ட் போனால் இதைத்தான் கொடுப்பேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் செய்துவிடுவார்கள்.

ஐந்தாவது இடத்தில் நின்று பாருங்கள். அங்கே 5-ஆல் வகுபட 0 அல்லது 5 வேண்டும். 0 கிடையாது, ஆகவே 5. தகட்டின் நடுக்கட்டம் முடிந்தது. இரண்டு, நான்கு, ஆறு, எட்டாவது இடங்களில் வகுப்பது இரட்டைப்படை எண்; ஆகவே அந்த நான்கு இடத்திலும் 2, 4, 6, 8 தான் உட்கார முடியும். மிச்சம் உள்ள 1, 3, 7, 9 ஒற்றைப்படை இடங்களுக்குப் போகும். அடுத்து நான்காவது இடம். 4-ஆல் வகுபடுமா என்பதைக் கடைசி இரண்டு இலக்கமே சொல்லிவிடும். மூன்றாவது இலக்கம் ஒற்றை என்பதால் நான்காவதில் 2 அல்லது 6 தான் பொருந்தும். 12, 16, 32, 36 என்று சொல்லிப் பாருங்கள், 14-உம் 18-உம் ஒட்டாது. எட்டாவது இடத்திலும் அதே கதை: ஆறாவது இரட்டை என்பதால் 8-க்கும் கடைசி இரண்டு இலக்கம் பார்த்தால் போதும்; ஏழாவது ஒற்றை, ஆகவே எட்டாவதில் 2 அல்லது 6. நான்காவதும் எட்டாவதும் இந்த இரண்டையும் பங்குபோட்டுக்கொண்டதால், இரண்டாவதுக்கும் ஆறாவதுக்கும் மிஞ்சியது 4-உம் 8-உம்.

இனி 3. முதல் மூன்று இலக்கத்தின் கூட்டுத்தொகை 3-ஆல் வகுபட வேண்டும், முதல் ஆறின் கூட்டுத்தொகையும் அப்படியே. அப்படியானால் நடு மூன்று இலக்கத்தின் கூட்டுத்தொகையும் 3-ஆல் வகுபட்டாக வேண்டும். அதன் நடுவில் 5 இருக்கிறது, ஒரு பக்கம் 2 அல்லது 6, மறுபக்கம் 4 அல்லது 8. 2, 5, 8 கூட்டினால் 15. 6, 5, 4 கூட்டினாலும் 15. மற்றவை ஒத்துவராது. ஆகவே நடுவரிசை ஒன்று 258, இல்லாவிட்டால் 654. வேறு வழியே இல்லை.

258 என்று வைத்தால் இரண்டாவது 4, எட்டாவது 6. முதல் மூன்றின் கூட்டுத்தொகை 3-ஆல் வகுபட, 4-க்கு இருபுறமும் 1-உம் 7-உம்தான் வர முடியும். மிச்சம் 3, 9. ஏழாவதில் 3 வந்தால் 36. அது 8-க்கு ஒட்டாது. 9 வந்தால் 96, ஒட்டும். ஆக 147258963, 741258963 என்று இரண்டே பேர். 654 என்று வைத்தால் இரண்டாவது 8, எட்டாவது 2, ஏழாவது 3 அல்லது 7, ஏனென்றால் 32-உம் 72-உம்தான் 8-ஆல் வகுபடும். 8-க்கு இருபுறமும் ஒருவர் 1, 7 கூட்டத்திலிருந்தும் ஒருவர் 3, 9 கூட்டத்திலிருந்தும் வரவேண்டும். பொறுமையாக எழுதினால் எட்டுப் பேர்: 981654327, 189654327, 987654321, 789654321, 183654729, 381654729, 189654723, 981654723. முன்னது இரண்டையும் சேர்த்து மொத்தம் பத்து. 362880 பேர் வரிசையில் நின்ற இடத்தில் பத்துப் பேர் மட்டும் மிச்சம், அதுவும் பெரிய வகுத்தல் ஒன்றுகூடச் செய்யாமல்.

இதுவரை 7-ஐ நாம் தொடவே இல்லை. 7-க்கு 3, 9 போலக் கூட்டிப் பார்க்கும் சுலப வழியும் இல்லை, 4, 8 போல வால் பார்க்கும் வழியும் இல்லை. பத்துப் பேரின் முதல் ஏழு இலக்கத்தையும் 7-ஆல் வகுக்கத்தான் வேண்டும். 1472589-க்கு மீதி 6. 7412589-க்கு 2. 9816543-க்கு 2. 1896543-க்கு 5. 9876543-க்கும் 5. 7896543-க்கு 4. 1836547-க்கு 6. 1896547-க்கு 2. 9816547-க்கு 6. மிச்சம் ஒன்று, 3816547, மீதி 0. உங்கள் வீட்டுத் தகட்டில் இருப்பது அதுதான். இந்த ஒன்பது மீதிகளையும் நீங்களே ஒருமுறை வகுத்துப் பாருங்கள். என் பேச்சை நம்ப வேண்டிய அவசியமே இல்லாத இடம் இது.

இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இருக்கிறது. "ஒன்றே ஒன்று" என்றதும் நமக்கு யாரோ திட்டம் போட்டு வைத்தது போலத் தோன்றுகிறது. மேலே செய்ததைத் திரும்பப் பாருங்கள். 5 நடுவில் வந்தது, இரட்டை இலக்கம் இரட்டை இடத்தில் வந்தது, 6-உம் 4-உம் எதிரெதிரே உட்கார்ந்தது எல்லாம் விதியின் கட்டாயம். அரிசியைச் சல்லடையில் போட்டால் நொய் கீழே விழுவதில் என்ன அதிசயம்? கட்டாயம் இல்லாத இடம் 7 ஒன்றுதான். அங்கே பத்துப் பேர் நின்றார்கள். ஒவ்வொருவரும் தேற ஏழில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வைத்தால், சராசரியாக ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவாகத் தேற வேண்டும். ஒருவர் மட்டும் தேற மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வாய்ப்பு; ஒருவருமே தேறாமல் போக ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இந்தப் பத்தியில் உள்ள வாய்ப்புக் கணக்கை மட்டும் மதிப்பீடாக எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் சீட்டுக் குலுக்குவதில்லை. 3816547 வகுபட்டே தீரும், அதில் வாய்ப்பென்று எதுவும் கிடையாது. ஆனாலும் முன்பின் தெரியாமல் பார்ப்பவனுக்கு எவ்வளவு ஆச்சரியம் நியாயம் என்று அளக்க இந்த மதிப்பீடு உதவும். கொஞ்சம் ஆச்சரியம் நியாயம். தகடு அடிக்கும் அளவுக்கு இல்லை.

9-ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் 9-ஐ யாரும் சும்மா விடுவதில்லை. பர்மியப் பெரியவர்கள் ஒன்பது ஒன்பதாக 81 நாள் ஜபமணி உருட்டும் கோநவின் விரதத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேதின் சயாக்கள், அதாவது ஜோசிய வாத்தியார்கள், போட்டுக் கொடுக்கும் 'இன்' சக்கரங்களும் நம்முடைய யந்திரத் தகடும் ஒரே குடும்பம்தான். 1987 செப்டம்பர் 5-ஆம் தேதி 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது, மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. அதே மாதத்தில் 45 கியாட், 90 கியாட் என்று புது நோட்டுகள் வந்தன. இரண்டும் 9-ஆல் வகுபடும், இரண்டிலும் இலக்கங்களைக் கூட்டினால் 9. அப்போது நாட்டை ஆண்ட நே வின்னுக்கு 9 பிடித்த எண் என்பதால்தான் அப்படி என்று அன்றிலிருந்து இன்றுவரை எல்லோரும் சொல்கிறார்கள். நோட்டும் தேதியும் நிச்சயம். காரணம் ஊர்ப் பேச்சு. அந்த நோட்டுகளில் சில்லறை கொடுத்துப் பழகியவர்களுக்கு 45-இன் பெருக்கல் வாய்ப்பாடு சாகும் வரைக்கும் மறக்காது.

உங்கள் தகட்டில் உள்ள ஒன்பது இலக்கத்தைக் கூட்டினாலும் 45 தான் வரும். ஆனால் 1 முதல் 9 வரை எப்படி அடுக்கினாலும் 45 தான். ஆகவே ஒன்பதாவது நிபந்தனை இனாம்; 362880 பேரும் அதில் தேறிவிடுவார்கள். மேலே சல்லடை போட்டபோது 9 என்ற பேச்சே வராததைக் கவனித்தீர்களா? 10 என்பது 9-ஐவிட ஒன்று கூட. 100, 99-ஐவிட ஒன்று கூட. 1000, 999-ஐவிட ஒன்று கூட. அதனால் ஒரு எண்ணை 9-ஆல் வகுத்தால் வரும் மீதியும் அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையை வகுத்தால் வரும் மீதியும் ஒன்றே. 9-இன் மகிமை முழுக்க நாம் பத்துப் பத்தாக எண்ணுவதிலிருந்து வருகிறது.

கணக்குப்பிள்ளைகளுக்கு இந்த மகிமை சோறு போட்டிருக்கிறது. நாட்டுக்கோட்டையார் கடைகளில் பெட்டியடிப் பையன்களாகச் சேர்ந்து எண்சுவடி ஒப்பித்து வளர்ந்த தலைமுறையிடம் நான் தொழில் படித்தேன். ஐந்தொகை போடும்போது இரண்டு பக்கமும் ஒட்டாமல் ஒரு வித்தியாசம் வந்தால், முதலில் அது 9-ஆல் வகுபடுகிறதா என்று பார்ப்பார்கள். வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறி எழுதியிருக்கலாம் என்று சந்தேகம். ஒரு வருஷக் கடைசியில் எனக்கு 63 இடித்தது. இரவு பத்து மணிவரை பேரேட்டைப் புரட்டினேன். 63 ஒன்பதால் வகுபடுகிறது, ஈவு 7. ஆகவே தமக்குள் 7 வித்தியாசம் உள்ள இரண்டு இலக்கத்தைத் தேடு என்றார் பெரியவர், வெற்றிலையை மென்றுகொண்டே. ஐந்து நிமிஷத்தில் 81 இருக்க வேண்டிய இடத்தில் 18 கிடைத்தது. எழுதியது நான்தான். வகுபட்டால் இடமாற்றம் என்று நிச்சயம் சொல்ல முடியாது, வேறு பிழையும் தற்செயலாக 9-ஆல் வகுபடலாம். ஆனால் தேட ஆரம்பிக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

பத்துப் பத்தாக எண்ணாமல் எட்டு எட்டாக எண்ணும் ஊர் ஒன்று இருந்தால்? அங்கே 8, 9 என்ற இலக்கமே இருக்காது. 1 முதல் 7 வரை அடுக்கி இதே விளையாட்டை ஆடினால் மூன்று எண்கள் தேறும். ஆறு ஆறாக எண்ணினால் இரண்டு. நான்கு நான்காக எண்ணினாலும் இரண்டு. பன்னிரண்டாக எண்ணினால் ஒன்றுகூட இல்லை. பதினான்குக்கு ஒன்று. அதற்கு மேல் கணினி வைத்துத் தேடிய வரையில் எதுவும் அகப்படவில்லை. ஒற்றைப்படையில், அதாவது ஏழு ஏழாகவோ ஒன்பது ஒன்பதாகவோ எண்ணினால் கிடைக்கவே கிடைக்காது. இதற்குத் தேட வேண்டியதில்லை, காரணம் கையிலேயே இருக்கிறது. ஏழு ஏழாக எண்ணும் ஊரில் இலக்கம் 1 முதல் 6 வரை, கூட்டினால் 21. அங்கே 9-இன் வேலையை 6 பார்க்கும். 21-ஐ 6 வகுக்காது, ஆகவே கடைசிப் படியிலேயே ஆட்டம் முடிந்தது. இந்த நாட்டில் 1952 வரைக்கும் ரூபாய்க்கு 16 அணா. அதற்குப் பிறகுதான் கியாட்டுக்கு 100 பியா. எங்கள் பெரியவர்கள் பாதி வாழ்க்கையைப் பதினாறில்தான் எண்ணினார்கள். கிரகங்களுக்கு இதில் எந்த எண்ணும் முறை பிடிக்கும் என்று தகடு விற்றவரைக் கேட்டுப் பாருங்கள்.

கட்டத்தில் எழுதியிருப்பதால் இன்னொன்று கண்ணில் படுகிறது. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. வழக்கமான ஒன்பது கட்ட மாயச் சதுரத்தில் எந்த வரிசையைக் கூட்டினாலும் 15 வரும் அல்லவா? இந்தத் தகடு அப்படி இல்லை. குறுக்கே கூட்டினால் 12, 15, 18. நெடுக்கே கூட்டினால் 16, 15, 14. மூலைக்கு மூலை 17-உம் 13-உம். அதாவது 12 முதல் 18 வரை எல்லா எண்ணும் வந்திருக்கிறது, 15 மட்டும் இரண்டு முறை. மாயச் சதுரத்தில் இரட்டை இலக்கங்கள் மூலையில் இருக்கும். இங்கே மூலை நான்கும் ஒற்றை. இந்த அழகில் ஒரு பகுதிக்குக் காரணம் மேலேயே இருக்கிறது: நடு 5-உம், அதன் நான்கு பக்கமும் 8, 6, 4, 2 வந்ததும் விதிப்படி வந்தவை, அதனால் நடுவரிசை இரண்டும் 15. மற்ற ஆறு தொகைகளும் இப்படிப் படிக்கட்டாக அமைந்ததற்கு விதியில் காரணம் எதையும் நான் காணவில்லை, தற்செயல் என்றே எடுத்துக்கொள்கிறேன். எண்ணை 171-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 2231899 வருவதும் அப்படித்தான். 171 என்றால் 9 பெருக்கல் 19. அந்த 2231899-ஐ 100-க்குள் இருக்கும் பகா எண்கள் எல்லாவற்றாலும் கையால் வகுத்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. அதற்கு மேல் கை வலித்தது, விட்டுவிட்டேன்.

சரி, ஒவ்வொரு இலக்கமும் ஒருமுறைதான் என்ற நிபந்தனையைத் தளர்த்தினால் என்ன ஆகும்? அப்போது ஒன்பது இலக்கத்தில் 2492 எண்கள் இந்தக் குணத்தோடு இருக்கின்றன. பத்து இலக்கத்திலும் அதே 2492. காரணம் எளிது: பத்தாவது இடத்தில் 0 மட்டும்தான் போட முடியும், ஆகவே ஒவ்வொரு ஒன்பது இலக்க எண்ணும் ஒரே விதத்தில் வளரும். அதற்குப் பிறகு கூட்டம் கரைய ஆரம்பிக்கிறது. பதினோராவது இடத்தில் 11-ஆல் வகுபட வேண்டும், கையில் இருப்பதோ 0 முதல் 9 வரை பத்து இலக்கம். சிலருக்குப் பொருத்தமானது கிடைக்காது. இலக்கம் கூடக்கூட வகுக்கும் எண் பெரிதாகிறது, நம் கையிருப்பு மட்டும் பத்திலேயே நிற்கிறது. 16 இலக்கத்தில் 571 பேர், 20 இலக்கத்தில் 44 பேர், 24-இல் மூன்று, 25-இல் ஒரே ஒருவர்: 3608528850368400786036725. அதோடு வம்சம் முடிந்தது. 26 இலக்கத்தில் ஒன்றும் இல்லை. ஓரிலக்க எண்களிலிருந்து எல்லாவற்றையும் கூட்டினால் 20456. இந்தக் கணக்கைக் கணினி போட்டது, நான் கையால் போடவில்லை. ஆனால் தோராயமாகச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஒன்பது இலக்க எண்கள் மொத்தம் 90 கோடி. அதை 362880-ஆல் வகுத்தால் 2480 வருகிறது. உண்மையான 2492-க்கு எவ்வளவு பக்கம் பாருங்கள். அதே தோராயத்தை 25 இலக்கத்துக்குப் போட்டால் அரையை ஒட்டி வரும். ஒருவர் இருந்தார். இல்லாமலும் போயிருக்கலாம்.

காசு தங்குமா என்ற கேள்விக்கு என் பென்சிலில் பதில் கிடையாது. டூடி, திரீடி என்ற எண் சூதாட்டத்துக்கு எண் எடுப்பவர்கள் என்னிடமும் வந்து "சயா, கணக்குத் தெரிந்தவர், ஒரு எண் சொல்லுங்கள்" என்பார்கள். அவர்களுக்கும் இதே பதில்தான். அம்மாவைத் திட்ட வேண்டாம். ஏமாற்றியது வகுபடும் என்ற அந்த ஒரு வரிதான், எண் அசல். கடையில் மாட்டி, பக்கத்தில் அந்த ஒன்பது வகுத்தலையும் எழுதி வைத்தால் வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

16 கட்டத் தகடுதான் எனக்கு இடிக்கிறது. இதே எண்ணை நீட்டியது என்கிறார் அல்லவா, நீட்டிப் பார்ப்போம். பத்தாவது இடத்தில் 0 போட்டாக வேண்டும்: 3816547290. பதினோராவதில் 11-ஆல் வகுபட 6 ஒன்றுதான் பொருந்தும்: 38165472906. பன்னிரண்டாவதில் 0: 381654729060. பதின்மூன்றாவதில் 8: 3816547290608. நான்கு இடத்திலும் ஒரே ஒரு வழிதான் இருந்தது, நாம் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. இப்போது பதினான்காவது இடம். பின்னால் 0 போட்டு 14-ஆல் வகுத்தால் மீதி 2. மீதி போக வேண்டுமானால் அந்த இடத்தில் 12 வேண்டும். 12 என்று ஒரு இலக்கம் இல்லை. தகடு வந்ததும் பதின்மூன்று கட்டம் வரைக்கும் மேலே சொன்னபடி இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். அடுத்த மூன்று கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.